ஏர்கோன் விசிறி நான்காம் எண்ணில் மட்டும் ஓடுகிறதா? கேஸைக் குறை சொல்ல வேண்டாம்

காப்பாரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் சாலை. மதியம் ஒரு மணி வெயில். சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்காக அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகன், காரின் ஏர்கோன் விசிறியை முதல் எண்ணில் வைக்கிறார். காற்று வரவில்லை. இரண்டு, மூன்று என்று திருப்பியும் அசைவில்லை. நான்கில் வைத்ததும் புயல் போல அடிக்கிறது. பின்னால் அமர்ந்திருக்கும் அம்மா குளிர் தாங்காமல் முந்தானையால் காதை மூடிக்கொள்கிறார். அணைத்தால் இரண்டே நிமிடத்தில் வியர்வை. கிள்ளான் போய்ச் சேரும் வரை நான்கில் போடுவதும் அணைப்பதுமாகவே பொழுது போகிறது.

பத்துப் பதினைந்து வயதான கார் வைத்திருக்கும் பல குடும்பங்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அடுத்து நடப்பதும் பழகிப்போனதுதான். பட்டறையில் காரை நிறுத்தி, "ஏர்கோன் சரியில்லை" என்று மட்டும் சொல்கிறார்கள். "காஸ் சுடா ஹாபிஸ்" என்று பதில் வருகிறது. கேஸ் நிரப்பப்படுகிறது. விசிறி அப்போதும் நான்கில் மட்டுமே ஓடுகிறது. அடுத்த முறை கூலிங் காயில், அதற்கடுத்த முறை கம்பிரசர் என்று பேச்சு வளர்கிறது. மாதச் சம்பளத்தில் பாதி போன பிறகுதான், பழுது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பொருளில் இருந்தது தெரிய வருகிறது. பெரும்பாலான உள்நாட்டுக் கார்களுக்கு அந்தப் பொருளின் விலை சில பத்து வெள்ளிதான்.

கேஸுக்கும் விசிறியின் வேகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கேஸ் குறைந்தால் காற்று வரும், ஆனால் குளிராது. விசிறி பழுதானால் குளிர் உள்ளே உருவானாலும் அது நம்மிடம் வந்து சேராது. இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். பட்டறைக்குப் போகும்முன் இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே பாதிச் செலவு மிச்சமாகும்.

காற்றைத் தள்ளும் மோட்டார்

டேஷ்போர்டுக்கு உள்ளே, பெரும்பாலும் இடப்பக்கம் பயணி கால் நீட்டும் இடத்துக்கு மேலே, ஒரு மோட்டாரும் அதன் மீது அணில் கூண்டு போன்ற ஒரு பிளாஸ்டிக் சக்கரமும் இருக்கின்றன. புளோவர் மோட்டார் என்று பட்டறைக்காரர்கள் சொல்வது இதைத்தான். முழு வேகத்தில் ஓடும்போது இது பல கார்களில் பதினைந்து, இருபது ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். ஒரு சாதாரண 55 வாட் ஹெட்லைட் பல்பு இழுப்பது ஐந்து ஆம்பியருக்கும் குறைவுதான். அதனோடு ஒப்பிட்டால் இந்தச் சின்ன மோட்டாரின் பசி எவ்வளவு என்பது புரியும்.

இந்த மோட்டாருக்குத் தானாக வேகத்தைக் குறைக்கத் தெரியாது. பேட்டரியின் 12 வோல்ட் முழுதாக வந்தால் முழு வேகத்தில் ஓடும். மெதுவாக ஓட வேண்டுமென்றால் வழியிலேயே மின்சாரத்தை மட்டுப்படுத்த வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயைக் காலால் மிதித்தால் தண்ணீர் குறைவாக வருவது போலத்தான். அந்த மிதிக்கும் வேலையைச் செய்வது ரெசிஸ்டர். மின் அடுப்பில் இருப்பது போன்ற கம்பிச் சுருள்கள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரு தகட்டில் பொருத்தப்பட்டிருக்கும். புதிய வகைகளில் சுருளுக்குப் பதிலாகப் பீங்கான் பட்டையில் அச்சிட்ட தடம் இருக்கும்.

முதல் எண்ணில் வைத்தால் மின்சாரம் மூன்று சுருள்களையும் கடந்து போகும். இரண்டில் வைத்தால் இரண்டு, மூன்றில் வைத்தால் ஒன்று. நான்கில் வைத்தால் எந்தச் சுருளும் இல்லாமல், ரெசிஸ்டரைத் தொடாமலேயே நேராக மோட்டாருக்குப் போகும். ரெசிஸ்டர் முற்றாகச் செத்துப்போன காரிலும் நான்காம் எண் மட்டும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எந்த எண் ஓடுகிறது என்பதே சாட்சி

சாவியை ஓன் நிலைக்குத் திருப்பி, எஞ்சினை இயக்காமல், விசிறியை ஒன்றிலிருந்து கடைசி எண் வரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. பல பட்டறைகளில் அவசரத்தில் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்றும் ஒரேயடியாக நின்று நான்கு மட்டும் ஓடினால், சந்தேகம் முதலில் ரெசிஸ்டர் மீது விழ வேண்டும். அதன் முதல் சுருள் அறுந்திருக்கலாம். அதைவிட அதிகமாக நடப்பது, அந்தத் தகட்டிலேயே பாதுகாப்புக்காக வைக்கப்பட்டுள்ள வெப்ப பியூஸ் போயிருப்பது. ரெசிஸ்டர் அளவுக்கு மீறிச் சூடானால் தீப்பிடிக்காமல் இருக்க, தன்னையே அறுத்துக்கொள்ளும் பியூஸ் அது.

முதல் எண் மட்டும் வேலை செய்யவில்லை, மற்ற மூன்றும் ஓடுகின்றன என்றால் கோத்த வரிசையில் கடைசிச் சுருள் மட்டும் போயிருக்கிறது. ஒன்றும் இரண்டும் இல்லை, மூன்றும் நான்கும் உண்டு என்றால் நடுச்சுருள். சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் அதற்குக் கீழே தொங்குவதெல்லாம் விழும் என்பது போல, ரெசிஸ்டர் பழுது எப்போதும் கீழ் எண்களிலிருந்தே தொடங்கும்.

இதனால் ஒரு நல்ல துப்பு கிடைக்கிறது. ஒன்று ஓடுகிறது, மூன்றும் நான்கும் ஓடுகின்றன, இரண்டு மட்டும் ஓடவில்லை என்றால் அது ரெசிஸ்டராக இருக்க வாய்ப்பு குறைவு. திருகும் சுவிட்சில் அந்த ஓர் எண்ணுக்கான தொடுமுனை கருகியிருக்கலாம், அல்லது அந்த எண்ணுக்குரிய ஒயர் அறுந்திருக்கலாம். சுவிட்சை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மெல்ல அசைக்கும்போது விசிறி விட்டுவிட்டு ஓடினால் சுவிட்ச்தான் என்பது ஏறக்குறைய உறுதி.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஒன்று முதல் மூன்று வரை நன்றாக ஓடி, நான்கில் மட்டும் நின்றுவிடும். அப்போது ரெசிஸ்டரை மாற்றுவது வீண் செலவு. நான்காம் எண்ணுக்கென்று சில கார்களில் தனி ரிலேயும் சிலவற்றில் தனி பியூஸும் இருக்கும். முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும், பிறகு சுவிட்சை.

எந்த எண்ணிலும் ஓடவில்லை என்றால் பியூஸ், ரிலே, தரை ஒயர், மோட்டார் என்று வரிசையாகத் தேட வேண்டும். இதில் பழைய பட்டறைக்காரர்கள் கையாளும் ஓர் எளிய சோதனை உண்டு. விசிறியை நான்கில் வைத்துவிட்டு, டேஷ்போர்டின் அடியில் தெரியும் மோட்டாரின் அடிப்பகுதியை ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் மெதுவாகத் தட்டுவார்கள். தட்டியதும் ஓடத் தொடங்கினால் மோட்டாருக்குள் இருக்கும் கரித்துண்டுகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அந்த மோட்டார் இன்னும் சில நாள் ஓடலாம். ஆனால் அதை நம்பி நீண்ட பயணம் போக முடியாது.

சில பழைய சிறிய கார்களில் மூன்று எண்களே இருக்கும். கணக்கு அதேதான், கடைசி எண்ணை நான்காகக் கொள்ள வேண்டும். திருகும் குமிழ் இல்லாமல் பட்டனும் திரையும் உள்ள தானியங்கி ஏர்கோன் கார்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றில் சுருள்களுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர் கொண்ட ஒரு மின்னணுப் பாகம் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அது கெட்டால் பெரும்பாலும் விசிறி முழு வேகத்திலேயே நிற்காமல் ஓடும், அல்லது ஓடவே ஓடாது. விலையும் கூடுதல். அந்த வகைக் காரை மின்சார வேலை தெரிந்தவரிடம் கொண்டு போவதே நல்லது.

திறந்து பார்க்கலாமா?

கை வேலை தெரிந்தவர்களுக்கு இது கடினமான பழுது அல்ல. பல கார்களில் இடப்பக்க டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றினால் புளோவரின் உறை தெரியும். அதன் பக்கத்தில் இரண்டு திருகாணிகளால் பிடிக்கப்பட்டு, நான்கைந்து தடித்த ஒயர்கள் போய்ச் சேரும் சிறு தகடுதான் ரெசிஸ்டர். சாவியை எடுத்துவிட்டு, சற்று நேரம் ஆறவிட்ட பிறகே தொட வேண்டும். ஓடிக்கொண்டிருந்த ரெசிஸ்டரை உடனே தொட்டால் விரல் பொத்துவிடும்.

முதலில் கண்ணுக்கு வேலை. ஒயர்கள் சொருகியிருக்கும் பிளாஸ்டிக் சாக்கெட் பழுப்பேறியிருக்கிறதா, உருகி வளைந்திருக்கிறதா, கருகிய வாசனை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, சுருள் எங்கேனும் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் ஓம் அளவில் வைத்து முனைகளுக்கு இடையே அளக்கலாம். நல்ல சுருள் மிகச் சிறிய எண்ணைக் காட்டும். ஓம் கணக்கில் ஒன்றிரண்டு, சில சமயம் அதற்கும் கீழே. அறுந்த சுருள் எதையுமே காட்டாது.

சாக்கெட் உருகியிருந்தால் ரெசிஸ்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. தளர்ந்த, கருகிய தொடுமுனையே சூட்டை உண்டாக்கும். புதிய ரெசிஸ்டரைப் பழைய கருகிய சாக்கெட்டில் சொருகினால் சில வாரங்களில் அதே நிலை திரும்பும். ஒயரோடு சேர்ந்த புது சாக்கெட் கடைகளில் தனியாகக் கிடைக்கிறது.

ரெசிஸ்டர் ஏன் எரிந்தது?

பட்டறையில் அதிகம் கேட்கப்படாத கேள்வி இது. கேட்காமல் விட்டால், மாற்றிய பொருள் ஓராண்டுக்குள் மறுபடி எரிவதும் உண்டு. அப்போது "கள்ளச் சாமான் போட்டுவிட்டான்" என்று கடைக்காரர் மீது பழி விழுகிறது. பல நேரங்களில் கடைக்காரர் விற்ற பொருளில் குற்றம் இருப்பதில்லை.

ரெசிஸ்டரை வேண்டுமென்றேதான் காற்று போகும் பாதையில் வைத்திருக்கிறார்கள். விசிறி தள்ளும் காற்றே அதைக் குளிர்விக்கிறது. காற்று குறைந்தால் சூடு ஏறும். செம்மண் சாலையில் தினமும் ஓடும் காருக்குள் போகும் தூசியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், லோரிகள் புழுதி கிளப்பும் பாதையில் குடியிருப்பவர்களின் கார்களில் ஏர்கோன் வடிகட்டி சில மாதங்களிலேயே செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். பழைய கார்கள் பலவற்றில் வடிகட்டியே கிடையாது. தூசி நேராகக் கூலிங் காயிலில் போய்ப் படிகிறது. காற்று அடைபட, ரெசிஸ்டர் வெந்துபோகிறது.

மற்றொரு காரணம் மோட்டாரே. அதன் பேரிங் வறண்டு இறுகினால், அதே வேகத்துக்கு அது கூடுதல் மின்சாரத்தை இழுக்கும். சுருளில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடியாக உயரும். பத்து ஆம்பியர் இழுத்த மோட்டார் பன்னிரண்டு இழுக்கத் தொடங்கினால் மின்னோட்டம் கூடியது ஐந்தில் ஒரு பங்குதான். சூடு கூடுவதோ ஏறக்குறைய பாதி. மோட்டார் முற்றாக இறுகிச் சுழலாமலேயே நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும், குளிர்விக்கும் காற்று துளியும் இருக்காது. வெப்ப பியூஸ் அறுவது அந்த நேரத்துக்காகத்தான்.

காலையில் காரை எடுக்கும்போது டேஷ்போர்டுக்குள்ளிருந்து "கீச் கீச்" என்று சத்தம் வந்து சிறிது நேரத்தில் அடங்குகிறதா? குழியில் விழுந்து எழும்போது விசிறியின் சத்தம் மாறுகிறதா? இவை பேரிங் கெடும் அறிகுறிகள். "டக டக" என்று ஒழுங்கான தாளத்தில் சத்தம் வந்தால் சக்கரத்தில் காய்ந்த இலை சிக்கியிருக்கலாம். தோட்டப்புறங்களில் எலி புளோவருக்குள் கூடு கட்டிவிடுவதும் புதிதல்ல. வேகாத அரிசி, தேங்காய் நார், பிய்த்த பஞ்சு என்று அங்கிருந்து வெளிவருவதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். எலி நுழைந்திருந்தால் ஒயர்களையும் பார்க்காமல் விடக் கூடாது.

தண்ணீரும் எதிரிதான். கூலிங் காயிலில் சேரும் நீர் வெளியேறும் சிறு குழாய் அடைபட்டால், அது பயணியின் கால் விரிப்பில் சொட்டும். அதே நீர் மோட்டாரையும் சாக்கெட்டையும் துருப்பிடிக்க வைக்கும். பழைய கார் வாங்குவோர் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் வீடுகளோடு கார்களும் மூழ்கின. எந்த வெள்ளத்தில் நனைந்த காராக இருந்தாலும், வெளியே பளபளவென்று மெருகேற்றி விற்பனைக்கு வந்துவிடலாம். புளோவர் உறைக்குள் காய்ந்த சேற்றுப் படிவு இருந்தால் அது வெள்ளம் பார்த்த கார்.

குறுக்கு வழி வேண்டாம்

"ரெசிஸ்டர் எதற்கு, நேராக ஒயர் போட்டுவிடலாம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அறுந்த வெப்ப பியூஸின் இரு முனைகளையும் ஈயம் வைத்து ஒட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. செய்த அன்று எல்லா எண்களும் ஓடும்; வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு வீடு போவார். ஆனால் காரில் தீயைத் தடுக்க வைத்த ஒரே காவலாளியை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த முறை மோட்டார் இறுகினால், பிளாஸ்டிக் உறைக்குள், காய்ந்த இலைச் சருகுக்குப் பக்கத்தில், சுருள் பழுக்கக் காயும். அடிக்கடி எரியும் பியூஸுக்குப் பதிலாகப் பெரிய ஆம்பியர் பியூஸ் போடுவதும் இதே போன்ற ஆபத்துதான்.

நான்கில் மட்டும் ஓடும் காரைப் பல மாதம் அப்படியே ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். சாக்கெட் கருகாமல் இருந்தால் சில நாள் தள்ளலாம், தவறில்லை. ஆனால் மழைக்காலத்தில் விசிறி முற்றாக நின்றுவிட்டால் சிக்கல். அடைமழையில் முன்கண்ணாடி உள்ளே பனி படிந்து, எதிரே வரும் லோரியின் விளக்கு மங்கலான மஞ்சள் புள்ளியாகிவிடும். ஏர்கோன் காற்றுதான் அந்தப் பனியை விலக்குகிறது. அது இல்லாதபோது இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் ஒரு விரல் அளவு இறக்கி, வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கையால் துடைத்துக்கொண்டே ஓட்டுவது பலரின் வழக்கம். ஒரு கை ஸ்டியரிங்கை விட்டு விலகும் அந்த நொடியே போதும், விபத்துக்கு.

பட்டறையில் என்ன கேட்பது?

"ஏர்கோன் சரியில்லை" என்பதை விட்டுவிட்டு, "கிப்பாஸ் நொம்போர் எம்பாட் சாஜா ஜாலான்" என்று சொல்லிப் பார்க்கலாம். எழுதி வைத்த தாளையும் காட்டலாம். வந்தவருக்கு விவரம் தெரியும் என்பது அந்த ஒரு வரியிலேயே பட்டறைக்காரருக்குப் புரிந்துவிடும். நேர்மையாக உழைக்கும் பட்டறைக்காரர்களுக்கும் இது உதவிதான். தேடும் நேரம் மிச்சம்.

வேலை தொடங்கும்முன் எதை மாற்றப் போகிறார்கள், எவ்வளவு ஆகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கழற்றிய பழைய பொருளையும் கேட்டு வாங்க வேண்டும். "பாராங் லாமா சாயா மாவ்" என்றால் போதும். சுருள் அறுந்ததா, சாக்கெட் கருகியதா என்பதை அந்தப் பழைய பொருளே சொல்லும். மோட்டார் தேவைப்பட்டால் ஹாஃப்-கட் கடைகளில் பழைய காரிலிருந்து எடுத்தது குறைந்த விலைக்குக் கிடைக்கும். வாங்கும்முன் அங்கேயே பேட்டரியில் ஓடவிட்டுச் சத்தம் கேட்க வேண்டும். ரெசிஸ்டரை மட்டும் புதிதாக வாங்குவதே நல்லது. எத்தனை சூடு பார்த்தது என்று தெரியாத பழையதை வாங்கி மிச்சமாவது சொற்பம்.

ரசீதை எறிந்துவிட வேண்டாம். செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியதாகவோ, தேவையில்லாத பொருளை மாற்றியதாகவோ தகராறு வந்தால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் புகார் செய்யலாம். ஐந்து வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோக முடியும். ரசீதும் பழைய பொருளும் கையில் இருந்தால் வாதம் எளிது.

புதிய ரெசிஸ்டர் பொருத்தியதும் காரை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடக் கூடாது. எல்லா எண்களையும் ஓடவிட்டுப் பார்த்த பிறகு, விசிறியைப் பத்து நிமிடம் இரண்டாம் எண்ணில் விட வேண்டும். பிறகு சாவியை எடுத்துவிட்டு, சாக்கெட்டின் பிளாஸ்டிக் பகுதியை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இருப்பது இயல்பு. விரல் வைக்க முடியாத சூடு என்றால் மோட்டார் இன்னும் அதிகமாக இழுக்கிறது, அல்லது தொடுமுனை சரியாகப் பிடிக்கவில்லை. டேஷ்போர்டுப் பெட்டியை மாட்டுவதற்கு முன்பே அதைப் பட்டறைக்காரரிடம் காட்டிவிட வேண்டும்.